மண் நுண்ணுயிர்களுக்கு ஒரு தொழிற்சாலை ரசாயனம் ஆபத்தா? கணக்கும் சோதனையும்: முழுமையான வழிகாட்டி

மணலி, அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி பக்கம் தயாராகிற கரைப்பான், துருத்தடுப்பான், பிசின் மூலப்பொருள் எதை எடுத்தாலும் அதன் சுற்றுச்சூழல் கோப்பில் மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் பாசிக்கும் எண்கள் இருக்கும். மண் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்து விட்டிருப்பார்கள். ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கு ஆண்டுக்கு 100 டன்னைத் தொடும்போது அந்தக் கோடு கேள்வியாகத் திரும்பி வரும். ஆய்வுக்கூடத்தில் இந்த வேலையைக் கையில் எடுப்பவர்களுக்கும், வெளியே கொடுத்து வாங்கிய அறிக்கையைச் சரிபார்க்க வேண்டியவர்களுக்கும் சேர்த்தே இது எழுதப்படுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பொருளின் தூய்மைக்கும் கருவிக்கும் காட்டுகிற அக்கறையில் பாதியைக்கூடப் பலர் மண்ணுக்குக் காட்டுவதில்லை. சோதனை கெடுவது அங்கேதான். ஏற்கெனவே பாதி செத்த மண்ணில் எந்த விஷமும் சாதுவாகத்தான் தெரியும்.

சோதனை வேண்டுமா, வேண்டாமா

ஐரோப்பாவின் ரசாயனப் பதிவுச் சட்டமான ரீச்சில் ஆண்டுக்கு 1 டன்னிலிருந்து பதிவு உண்டு. மண் நுண்ணுயிர்களுக்கான பாதிப்பு கேட்கப்படுவது 100 டன்னுக்கு மேல், ஒன்பதாவது இணைப்பில். இங்குள்ள உற்பத்தியாளர் நேரடியாகப் பதிய முடியாது. அங்கே ஒரு பிரதிநிதி மூலமாகவோ இறக்குமதியாளர் மூலமாகவோதான் பதிய வேண்டும். சோதனை ஜிஎல்பி (நல்ல ஆய்வக நடைமுறை) அங்கீகாரம் பெற்ற கூடத்தில் நடந்திருக்க வேண்டும். தரவுகளைப் பரஸ்பரம் ஏற்கும் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) ஏற்பாட்டில் இந்தியா 2011 மார்ச்சிலிருந்து முழு உறுப்பினர் என்பதால் இங்கே நடத்திய ஜிஎல்பி சோதனை அங்கே செல்லும். கல்லூரி ஆய்வுக்கோ உள்வட்ட முடிவுக்கோ என்றால் ஜிஎல்பி தேவையில்லை. மற்ற முறைகள் எல்லாம் அப்படியே பொருந்தும்.

பணம் செலவழிப்பதற்கு முன்னால் மேசையில் எடுத்து வைக்க வேண்டியவை: நீரில் கரைதிறன், ஆவியழுத்தம், எண்ணெய்-நீர் பங்கீட்டு எண்ணின் லாக் மதிப்பு, மண் கரிமத்தில் ஒட்டும் அளவு, எளிதில் மக்குமா என்கிற ஓஇசிடி 301 முடிவு, கழிவுநீர்ச் சேற்று நுண்ணுயிர்களின் சுவாசத்தைத் தடுக்கிறதா என்கிற ஓஇசிடி 209 முடிவு. கூடவே மூலக்கூறில் நைட்ரஜன் இருக்கிறதா என்று ஒரு பார்வை. இந்தக் கடைசி விவரத்தை யாரும் கேட்பதில்லை. பின்னால் அது முடிவையே புரட்டிப் போடக்கூடியது.

லாக் மதிப்பு 5-ஐத் தாண்டினாலோ மண்ணில் அரை ஆயுள் 180 நாளுக்கு மேல் போனாலோ பொருள் மண்ணில் தங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரடியாகவோ கழிவுநீர்ச் சேறு வழியாகவோ மண்ணை அடையவே அடையாது என்று காட்ட முடிந்தால் சோதனைக்கு விலக்கு கேட்கலாம். நீர்வாழ் உயிர்களின் தரவிலிருந்து மண்ணுக்கான பாதுகாப்பு அளவைப் பங்கீட்டுக் கணக்கில் வருவிக்கும் வழியும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு மண்புழுவுக்கும் பயிருக்கும் ஓரளவு பொருந்துமே தவிர நுண்ணுயிர்களுக்குப் பொருந்தாது என்பதே ஐரோப்பிய ரசாயன முகமையின் நிலைப்பாடு. 209-இல் தடை தெரிந்திருந்தால் மண் சோதனையைத் தவிர்க்க முயல்வது வீண்.

மண்ணுக்கு எவ்வளவு வந்து சேரும்

சோதனை அளவுகளை முடிவு செய்ய இந்தக் கணக்கு முதலில் வேண்டும். ஒரு ஹெக்டேரில் 20 செ.மீ. ஆழ மண், ஒரு கன செ.மீ.க்கு 1.5 கிராம் அடர்த்தி என்றால் 30 லட்சம் கிலோ. ஆக ஹெக்டேருக்கு 1 கிலோ விழுந்தால் கிலோ மண்ணுக்கு 0.33 மி.கி. உழாத நிலத்தில் 5 செ.மீ.க்குள்ளேயே தங்கிவிட்டால் அது 1.33 ஆகும்.

கழிவுநீர்ச் சேறு வழியாக வருவதைப் பார்ப்போம். கணக்குக்காக, உலர்ந்த சேற்றில் கிலோவுக்கு 400 மி.கி. பொருள் இருப்பதாக வைப்போம். ஐரோப்பியக் கணிப்பில் விளைநிலத்துக்கு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 5 டன் உலர்சேறு என்று எடுப்பார்கள், அதுவும் 10 ஆண்டு தொடர்ந்து. 5,000 × 400 = 20 லட்சம் மி.கி. அதை 30 லட்சம் கிலோ மண்ணால் வகுத்தால் ஆண்டுக்கு 0.67 மி.கி./கி.கி. அரை ஆயுள் 180 நாள் என்றால் ஓராண்டு கழித்து கால்பங்கு எஞ்சும். ஆண்டுக்காண்டு சேர்ந்து 0.67 ÷ 0.755 = 0.89 மி.கி./கி.கி. அளவில் நின்றுவிடும். மக்காத பொருள் என்றால் பத்தாம் ஆண்டில் 6.7. அரை ஆயுள் தெரியாமல் இந்தக் கணக்கைப் போடுவதில் அர்த்தமில்லை என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும்.

பாசன வழியும் நம் ஊருக்கு முக்கியம். 1 மி.மீ. நீர் என்பது ஹெக்டேருக்கு 10,000 லிட்டர். லிட்டருக்கு 0.5 மி.கி. பொருள் கலந்த நீரை ஆண்டுக்கு 1,000 மி.மீ. பாய்ச்சினால் ஹெக்டேருக்கு 5 கிலோ, அதாவது 1.67 மி.கி./கி.கி. கழிவு கலந்த ஓடை நீரில் ஆண்டு முழுக்கக் கீரை போடும் பாத்திகளுக்கு சேற்றுக் கணக்கைவிட இதுதான் பொருந்தும்.

எந்தச் சோதனை

ஓஇசிடி 216 நைட்ரஜன் மாற்றத்தைப் பார்க்கிறது. 217 கரிமத்தை, அதாவது குளுக்கோஸ் கொடுத்ததும் கூடும் சுவாசத்தைப் பார்க்கிறது. இரண்டும் 2000-இல் வந்தவை. இரண்டும் 28 நாள். பயிர்பாதுகாப்பு மருந்து அல்லாத பெரும்பாலான பொருள்களுக்கு 216 ஒன்றே போதும்.

காரணம் எளிது. மண்ணில் ஏறக்குறைய எல்லா நுண்ணுயிரும் சுவாசிக்கும். பத்து வகை செத்தாலும் பதினோராவது வகை அந்த உணவைத் தின்று மூச்சுவிடும், மொத்தக் கணக்கில் எதுவும் தெரியாது. அம்மோனியத்தை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் உயிர்கள் அப்படியல்ல. வகை குறைவு, வளர்ச்சி மெதுவு. அவற்றைத் தடுத்தால் அந்த வேலையை எடுத்துச் செய்ய மண்ணில் வேறு ஆளில்லை.

மண்: எங்கே, எப்போது, எப்படி

ஓஇசிடி 216 வழிகாட்டி கேட்கிற மண்ணின் குணம் இது: மணல் 50–75 சதவீதம், பிஹெச் 5.5–7.5, கரிமம் 0.5–1.5 சதவீதம், நுண்ணுயிர்த் திரளின் கரிமம் மொத்தக் கரிமத்தில் குறைந்தது 1 சதவீதம். இப்படி ஒட்டும் தன்மை குறைந்த மண்ணைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. களியும், ‘மக்கு’ எனப்படும் மக்கிய கரிமப்பொருளும் அதிகமானால் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நுண்ணுயிருக்கு எட்டாது.

சென்னையில் இது கொஞ்சம் தேடவேண்டிய மண். திருவான்மியூரிலிருந்து ஈசிஆர் நெடுகக் கிடைக்கும் கடலோர மணலில் மணல் அளவு 75-ஐத் தாண்டும், கரிமம் 0.5-க்குக் கீழே இறங்கும், சிப்பித் துகளால் பிஹெச்சும் ஏறியிருக்கும். பொன்னேரிப் பக்க நெல்வயலில் களி அதிகம், பாதி ஆண்டு நீர் நிற்கும். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் மணற்பாங்கான செம்மண்ணில் புல் முளைத்த தரிசோ மானாவாரி நிலமோ பார்ப்பது நல்லது. கரிமம் குறைவான இடங்கள் அங்கேயும் உண்டு என்பதால் நாலைந்து இடத்தில் அரைக் கிலோ வீதம் எடுத்துச் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நிலத்தின் வரலாற்றை உரிமையாளரிடம் உட்கார்ந்து பேசிக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஓராண்டாகப் பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ அடித்திருக்கக் கூடாது. தொழுவுரம் போட்டு ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். யூரியா போன்ற ரசாயன உரம் என்றால் மூன்று மாதம். “மருந்தே அடிக்கலைங்க” என்று சொல்லும் இடத்தில் வரப்போரம் காலி டப்பா கிடக்கிறதா என்று ஒரு நடை நடந்து பார்த்துவிடுவது நல்லது.

தொழிற்பேட்டைச் சுவரோரம் மண் எடுக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிய எண்ணூர் முகத்துவாரப் பகுதி மண்ணும் வேண்டாம். அங்கே பிழைத்திருப்பவை அந்த அடியைத் தாங்கப் பழகியவை. புதுப் பொருளைக் கொடுத்தாலும் பாதிப்பைக் குறைத்துக் காட்டக்கூடும்.

பருவம் பாருங்கள். 30 நாளுக்கு மேல் வறட்சி நீடித்தாலோ நீர் தேங்கி நின்றாலோ அந்தச் சமயத்திலும் அது முடிந்த கையோடும் எடுக்கக் கூடாது. நம் ஊருக்கு இந்த விதியை வைத்தால் ஏப்ரல், மே, ஜூன் போய்விடும். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் சிரமம். மீதி இருப்பதில் ஜனவரி, பிப்ரவரி சிறந்தவை. அடுத்தபடியாக, மாலை மழை நாலைந்து முறை பெய்திருந்தால், ஆகஸ்ட், செப்டம்பர்.

மேல்புல்லைச் செதுக்கிவிட்டு 0–20 செ.மீ. ஆழத்தில் பத்துப் பன்னிரண்டு குழிகளிலிருந்து எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். ஒரு முழுச் சோதனைக்கு ஐந்து அளவுகள், பொருள் எதுவும் போடாத வெறும் மண், கரைப்பானை மட்டும் கண்ட கரைப்பான் ஒப்பீடு என ஏழு வகை, வகைக்கு மூன்று ஜாடி, ஜாடிக்கு 300 கிராம். உலர் எடையில் 6.3 கிலோ ஆகும். கல், வேர், ஈரம், முன்சோதனை எல்லாம் சேர்த்து 15 கிலோ கொண்டுவந்தால் கை நிறைய இருக்கும். பையின் வாயை இறுக்கக் கட்டாதீர்கள், காற்று போகட்டும். ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஆனால் ஐஸ் மீது நேராக வைக்க வேண்டாம், உறைந்தால் செல்கள் வெடிக்கும். மத்தியான வெயிலில் கார் டிக்கியில் வைத்துக் கொண்டுவந்த மண்ணை அப்படியே தோட்டத்தில் கொட்டிவிடலாம்.

சலிப்பதும் ஈரம் பார்ப்பதும்

2 மி.மீ. சல்லடை. ஈர மண் சல்லடையில் அப்பிக்கொண்டு இறங்காது. உடனே மொட்டை மாடியில் காயப்போடத் தோன்றும். மற்ற மண் பரிசோதனைகளுக்குக் காற்றில் உலர்த்துவது வழக்கம் என்பதால் கையும் தன்னால் அதற்கே போகும். இங்கே அது கூடவே கூடாது. நிழலில், அறைக்குள் தட்டில் மெல்லப் பரப்பி, அரை மணிக்கொரு முறை புரட்டிவிட்டு, சல்லடையில் இறங்குகிற பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். எலும்பாகக் காய்ந்த மண்ணை மறுபடி நனைத்தால் செத்த செல்களைத் தின்று மிஞ்சியவை ஒரே வேகத்தில் பெருகும், சுவாசம் எகிறும், பார்ப்பதற்கு ஆரோக்கியமான மண் போலவே இருக்கும். நைட்ரேட் ஆக்கும் உயிர்கள் மட்டும் திரும்பி வர நாளாகும்.

சலித்ததை 4 டிகிரியில், இருட்டில், அதிகபட்சம் 3 மாதம் வைக்கலாம். சோதனைக்கு முன் 2 முதல் 28 நாள் வரை சோதனை வெப்பத்திலும் ஈரத்திலும் பழகவிட வேண்டும். ஒரு வாரம் நல்ல கணக்கு.

ஈரம் அதிகபட்ச நீர்ப்பிடிப்பில் 40–60 சதவீதத்துக்குள் ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். உதாரணமாக நீர்ப்பிடிப்பு 100 கிராமுக்கு 32 கிராம். அதில் பாதி 16. அதாவது கிலோ உலர்மண்ணுக்கு 160 மி.லி. வந்திருக்கும் மண்ணில் ஏற்கெனவே 7 சதவீதம் இருந்தால் 1,070 கிராம் எடுத்து இன்னும் 90 மி.லி. சேர்க்க வேண்டும். இந்த 90 மி.லி.யை இப்போதே முழுவதும் ஊற்றிவிடாதீர்கள். மருந்துக் கரைசலுக்கு (சோதிக்கும் பொருளைத்தான் இங்கே மருந்து என்கிறோம்) 50 மி.லி. இடம் விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் பிறகு மண் சேறாகி, காற்றில்லாமல் நைட்ரேட் வாயுவாகப் பறந்துபோகும், பழி ரசாயனத்தின் மேல் விழும்.

தண்ணீர் அயனி நீக்கியதாக இருக்க வேண்டும். மெட்ரோ வாட்டரில் குளோரின், போர் தண்ணீரில் உப்பும் நைட்ரேட்டும். கேன் தண்ணீர் குடிக்கத்தான்.

நுண்ணுயிர்த் திரளை அளக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒரு பங்கு மண்ணை எத்தனால் கலக்காத குளோரோஃபார்ம் ஆவியில் 24 மணி நேரம் வைத்து, அதையும் வைக்காத பங்கையும் 0.5 மோலார் பொட்டாசியம் சல்ஃபேட்டில் பிரித்தெடுத்து, கரிம வித்தியாசத்தை 0.45-ஆல் வகுக்க வேண்டும். மண் கரிமம் 0.9 சதவீதம் என்றால் கிலோவுக்கு 9,000 மி.கி. அதில் 1 சதவீதம், அதாவது 90 மி.கி. வராவிட்டால் அந்த மண் வேண்டாம்.

தீவனமும் மருந்தும்

கிலோ உலர்மண்ணுக்கு 5 கிராம் வீதம் செடித்தூள் கலக்க வேண்டும். வழிகாட்டி கேட்பது லூசர்ன், நம் குதிரைமசால்தான். கரிம-நைட்ரஜன் விகிதம் 12-க்கும் 16-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கடையில் குதிரைமசால் என்று கேட்டால் வேலிமசாலைக் கட்டித் தருவார்கள். அது வேறு செடி. பூக்கும் முன் அறுத்து, நிழலில் உலர்த்தி, மாவாக அரைத்து, ஒவ்வொரு கட்டுக்கும் விகிதத்தை அளந்து எழுதி வையுங்கள். முற்றிய தண்டு கலந்தால் விகிதம் 20-ஐத் தாண்டும், நுண்ணுயிர்கள் இருக்கிற நைட்ரஜனையும் தாங்களே இழுத்துக்கொள்ளும், ஒப்பீட்டு மண்ணிலேயே நைட்ரேட் ஏறாது.

அளவுகள் குறைந்தது ஐந்து, பெருக்கல் வரிசையில். 10, 32, 100, 320, 1,000 மி.கி./கி.கி. ஒரு நல்ல தொடக்கம். முன்பு போட்ட கணக்கில் மண்ணுக்கு வருவது 0.67 என்றிருக்க 1,000 வரை ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். பாதிப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் பாதுகாப்பு எண் வராது. பாதிப்பே தெரியாத ஐந்து அளவுகளில் சோதனை முடிந்தால் கிடைப்பது ‘இதற்கு மேல்’ என்ற ஒரு வரிதான்.

நீரில் கரையும் பொருளைக் கரைசலாகத் தெளிக்கலாம். கரையாததை அசிட்டோனில் கரைத்து, கிலோ மண்ணுக்கு 10 கிராம் நுண் குவார்ட்ஸ் மணலில் ஊற்றி, புகைப்பெட்டியில் அசிட்டோன் முழுவதும் போகும்வரை விட்டு, பிறகு மணலை மண்ணோடு கலக்க வேண்டும். அசிட்டோனை நேராக மண்ணில் ஊற்றினால் சிலதைக் கொல்லும், மிச்சத்துக்குச் சாப்பாடாகும். கரைப்பான் ஒப்பீட்டு ஜாடியிலும் அதே அளவு அசிட்டோன் ஊற்றி ஆவியாக்கிய மணல்தான் போக வேண்டும், வெறும் மணல் அல்ல.

கலப்பது சாதாரண விஷயம் போலத் தெரியும். முதலில் கால் பங்கு மண்ணோடு மருந்து மணலைக் கலந்து, அதை மீதி மண்ணோடு சேர்த்து, குறைந்த வேகக் கலவையில் ஐந்து நிமிடம். கட்டி கட்டியாக நின்றால் ஒரு உருண்டைக்குள் 1,000, பக்கத்து உருண்டைக்குள் 10 என்று இருக்கும். மூன்று ஜாடிகளும் மூன்று கதை சொல்லும். குறைந்த அளவிலிருந்து அதிக அளவுக்குப் போங்கள், நடுவில் பாத்திரம் கழுவ வேண்டியிருக்காது. போட்ட அளவும் இருக்கும் அளவும் ஒன்றல்ல என்பதால் முதல் நாளும் 28-ஆம் நாளும் மண்ணில் பொருளை அளந்தே ஆக வேண்டும். ஆவியாகிற பொருளுக்கு மூடிய ஜாடி, நிறையக் காற்றிடம், வாரம் இருமுறை சில நிமிடம் திறப்பு.

நச்சு ஒப்பீடு என்று தனியாக ஒரு ஜாடி வரிசை வையுங்கள். டைசயனோடயமைடு போன்ற நைட்ரேட்டாக்கத் தடுப்பான் நல்லது. வழிகாட்டி இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் ‘பாதிப்பே இல்லை’ என்று முடிவு வரும்போது உங்கள் மண்ணால் பாதிப்பைக் காட்டவே முடியும் என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி.

இருபத்தெட்டு நாள்

20 டிகிரி, கூடக்குறைய 2. இருட்டு. சென்னை அறை வெப்பத்தில் இது நடக்காது. நல்லவேளையாகக் கழிவுநீர் பார்க்கிற கூடங்களில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை (பிஓடி) அளக்கும் குளிரூட்டும் இன்குபேட்டர் இருக்கும். அது பெரும்பாலும் மூன்று நாள் பிஓடிக்காக 27 டிகிரியில் நிற்கும். அதே பெட்டியில் ஓரத்தில் இடம் கேட்டு மண்ணை வைத்தால் சோதனை 27 டிகிரியில் நடக்கும், அறிக்கை 20 என்று சொல்லும். தனிப் பெட்டி வேண்டும். உள்ளே வெப்பம் பதியும் சிறு கருவி ஒன்று போட்டு வைத்தால் இரவு கரண்ட் போய் எத்தனை மணி நேரம் சூடேறியது என்று காலையில் தெரியும்.

ஜாடி மூடியில் துளைகள், அல்லது தளர மூடிய ஃபாயில். ஜாடியோடு எடை போட்டு எழுதி, வாரம் இருமுறை குறைந்த எடைக்கு அயனி நீக்கிய நீர் விடுங்கள். இன்குபேட்டர் விசிறிக்கு நேரே இருக்கும் தட்டு மற்றதைவிட வேகமாகக் காயும். ஜாடிகளை இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். மூடியைத் திறக்கும்போது அழுகிய முட்டை வாடை வந்தால் அந்த ஜாடியில் காற்றில்லை. புரட்டிச் சரிசெய்து கணக்கில் சேர்க்காதீர்கள், தள்ளிவிடுங்கள்.

பிரித்தெடுப்பதும் அளப்பதும்

மருந்து கலந்த சில மணி நேரத்துக்குள் முதல் மாதிரி, 28-ஆம் நாள் இரண்டாவது. நடுவில் 7, 14 நாள்களிலும் எடுத்தால் வளைவு எப்படிப் போனது என்று புரியும். ஒரு கிராம் உலர்மண்ணுக்கு 5 மி.லி. வீதம் 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு (லிட்டருக்கு 7.46 கிராம்), பாட்டில் பாதிக்கு மேல் நிறையாமல், நிமிடத்துக்கு 150 சுற்றில் 60 நிமிடம் குலுக்கி வடிகட்டுங்கள். அன்றே அளக்க முடியாவிட்டால் மைனஸ் 20-இல் உறைய வைக்கலாம்.

வடிதாளிலேயே நைட்ரேட் இருக்கும். மண் போடாத வெற்றுக் கரைசலையும் அதே தாளில் வடித்து அளந்து கழியுங்கள். 220 நானோமீட்டரில் நேராகப் படிக்கும் சுருக்கு வழியில் செடித்தூளின் மஞ்சள் நிறமும் நைட்ரேட்டாகப் பதிவாகும். காட்மியம் நிரப்பிய குழாயில் (பத்தியில்) நைட்ரைட்டாகக் குறைத்து நிறமூட்டும் முறை நம்பகமானது. அயனி குரோமட்டோகிராஃப் வைத்திருப்பவர்கள் லிட்டருக்கு 3,500 மி.கி.க்கு மேல் குளோரைடு பக்கத்திலேயே மலைபோல் நிற்கும் என்பதை மறக்க வேண்டாம்.

நைட்ரைட்டையும் அம்மோனியத்தையும் தனியாக அளந்து வைத்தால் பின்னால் கைகொடுக்கும். அம்மோனியம் குவிந்து நைட்ரேட் ஏறாவிட்டால் முதல் படி அடைபட்டிருக்கிறது. நைட்ரைட் குவிந்தால் இரண்டாம் படி. இரண்டுமே குவியாமல் நைட்ரேட் குறைந்தால் செடித்தூளைச் சிதைக்கும் கூட்டமே அடிவாங்கியிருக்கலாம், அல்லது ஜாடி நனைந்து நைட்ரேட் பறந்திருக்கலாம்.

கணக்கில் அடிக்கடி சறுக்கும் இடம் இரண்டு. நைட்ரேட்டை நைட்ரஜனாக்க 4.43-ஆல் வகுக்க வேண்டும். மண்ணில் இருந்த ஈரத்தையும் கரைசல் அளவோடு கூட்ட வேண்டும். உதாரணம்: 16 சதவீத ஈரமுள்ள மண் 11.6 கிராம், அதில் உலர்மண் 10 கிராம், நீர் 1.6 மி.லி., ஊற்றியது 50. மொத்தம் 51.6 மி.லி. கருவி லிட்டருக்கு 44.3 மி.கி. நைட்ரேட் காட்டினால் அது 10 மி.கி. நைட்ரஜன். 10 × 51.6 ÷ 10 = 51.6 மி.கி./கி.கி.

எண்களை நம்புவதற்கு முன்

ஒப்பீட்டு ஜாடிகளுக்கிடையே வேறுபாடு 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் மற்ற எண்களைப் பார்க்கவே வேண்டாம்.

கணக்கு விளங்க ஒரு கற்பனைத் தொகுப்பு. ஒப்பீட்டு மண்ணில் நைட்ரேட் நைட்ரஜன் முதல் நாள் 12, கடைசி நாள் 68. வித்தியாசம் 56, நாளொன்றுக்கு 2.0 மி.கி./கி.கி. 32 அளவில் 1.8, அதாவது 10 சதவீதத் தடை. 100 அளவில் 1.0, பாதி. வளைவு பொருத்தினால் 10 சதவீதம் தடுக்கும் அளவு ஏறக்குறைய 32, 50 சதவீதம் தடுப்பது 100. அறிக்கையில் இரண்டும் வேண்டும், நம்பக எல்லைகளோடு. ‘வேறுபாடு தெரியாத உச்ச அளவு’ மட்டும் கொடுத்தால் அது நீங்கள் எந்த இடைவெளியில் அளவுகளைத் தேர்ந்தீர்கள் என்பதைத்தான் காட்டும்.

இப்போது முன்பு சொன்ன நைட்ரஜன் விவகாரம். பொருளின் எடையில் 20 சதவீதம் நைட்ரஜன் என்றால் 320 மி.கி. மருந்தோடு 64 மி.கி. நைட்ரஜனும் மண்ணுக்குப் போகிறது. ஒப்பீட்டு மண் 28 நாளில் ஈட்டியதே 56. பொருள் சிதைந்து அந்த 64-இல் பாதி நைட்ரேட்டானாலும் தடை பெருமளவு மறைந்துவிடலாம்; முழுவதும் நைட்ரேட்டானால் ‘ஊக்குவிக்கிறது’ என்றுகூட முடிவு வரும். அமீன், அமைடு, அசோல் வகைப் பொருள்களுக்கு 216-ஐ மட்டும் நம்பாமல் 217-ஐயும் சேர்த்துச் செய்யுங்கள். அல்லது அம்மோனியத்தைத் தாராளமாகக் கொடுத்து, சில மணி நேரத்தில் அதை ஆக்சிகரிக்கும் வேகத்தை மட்டும் அளக்கும் சோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

217-க்கும் தனிக் கண்ணி உண்டு. குளுக்கோஸ் கிலோவுக்கு 2,000–4,000 மி.கி. கொடுத்து 12 மணி நேரம் சுவாசத்தைப் பார்க்கிறோம். பொருளே உணவானாலும் சுவாசம் கூடும், செத்தவற்றை இருப்பவை தின்றாலும் கூடும். கூடுதலைக் கண்டு ‘பாதிப்பில்லை’ என்று எழுதுவது தவறு. ஒப்பீட்டிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் விலகல்தான்.

உலோக உப்புகளுக்கு ஒரு எச்சரிக்கை. பல்லாவரம், குரோம்பேட்டைத் தோல் பதனிடும் வட்டாரத்துக்குப் பழகிய குரோமியம் சல்ஃபேட்டை மண்ணில் போட்டால் குரோமியத்தோடு அமிலமும் சல்ஃபேட்டும் இறங்கும். பிஹெச் ஒரு அலகு சரிந்தாலே நைட்ரேட்டாக்கம் படுத்துவிடும். அதே அளவு அமிலமும் உப்பும் மட்டும் போட்ட ஒப்பீடு இல்லாமல் குரோமியத்தின் மீது எதையும் சுமத்த முடியாது. ஆறு இணைதிற குரோமியம் மண்ணின் கரிமத்தால் மூன்றாக மாறிவிடும் என்பதால் இரண்டையும் தனித்தனியாக, இரு நாள்களிலும் அளக்க வேண்டும்.

ஆபத்து விகிதம், அதில் சென்னை எங்கே வருகிறது

கிடைத்த 32-ஐ அப்படியே பாதுகாப்பு எண்ணாக வைக்க முடியாது. ஐரோப்பிய முறையில் ஒரே ஒரு நீண்டகாலச் சோதனை இருந்தால் 100-ஆல் வகுக்க வேண்டும், உணவுச் சங்கிலியின் இரண்டு மட்டத்து உயிர்களில் சோதனை இருந்தால் 50, பயிர், மண்புழு, நுண்ணுயிர் மூன்றும் இருந்தால் ஆகக் குறைந்த எண்ணை 10-ஆல். குறுகியகாலச் சோதனையில் 50 சதவீதப் பாதிப்பு தரும் அளவு மட்டும் கையில் இருந்தால் 1,000.

நுண்ணுயிர் எண் ஒன்று மட்டும்: 32 ÷ 100 = 0.32. மண்ணுக்கு ஓராண்டில் வருவது 0.67. அதை 0.32-ஆல் வகுத்தால் ஆபத்து விகிதம் 2.1, ஒன்றைத் தாண்டுகிறது. மண்புழு 56, பயிர் 20 என்று இன்னும் இரண்டு சோதனை கிடைத்தால் 20 ÷ 10 = 2, விகிதம் 0.33. பொருள் மாறவில்லை, மண்ணும் மாறவில்லை. விகிதம் ஒன்றைத் தாண்டியதும் உற்பத்தியைக் குறைக்க ஓடுவதற்கு முன் எந்தத் தரவு இல்லாததால் தாண்டியது என்று பாருங்கள்.

இதற்கு அடுத்த படியைப் பல அறிக்கைகள் ஐரோப்பிய மண்ணோடு நிறுத்திவிடுகின்றன. மின்சுமை இல்லாத கரிமப் பொருள்கள் மண்ணின் மக்கில் ஒட்டுவதால் எண்ணை மக்கின் அளவுக்கேற்பத் திருத்துவார்கள். அவர்களுடைய நிலையான மண்ணில் மக்கு 3.4 சதவீதம். நம் சோதனை மண்ணில் கரிமம் 1.2 என்று வைத்து, அதை 1.7-ஆல் பெருக்கினால் மக்கு 2.04. ஆக 32 என்பது 32 × 3.4 ÷ 2.04 = 53 ஆக ஏறிவிடும். கோப்புக்கு அது சரி. ஆனால் அதே சூத்திரத்தைக் கடலோர மணலுக்குப் போட்டுப் பாருங்கள். கரிமம் 0.4 என்றால் மக்கு 0.7 சதவீதம்தான். 32 × 0.7 ÷ 2.04 = 11. நூறால் வகுத்தால் 0.11. விகிதம் 6.

கோப்பில் அந்த ஒற்றைச் சோதனையோடு 53 ÷ 100 = 0.53 வைத்துப் பார்த்தால் 1.3 என்று ஏறக்குறைய வாசலில் நிற்கிற பொருள் நீலாங்கரை மணலில் ஆறு மடங்கு. உங்கள் சேறோ கழிவுநீரோ போய்ச்சேரும் நிலம் அப்படிப்பட்டது என்றால் அந்த மணலிலேயே ஒரு துணைச் சோதனை நடத்துங்கள். 216-இன் நிபந்தனைக்குள் அந்த மண் வராது என்பதைத் தெளிவாக எழுதிவிட்டு, முடிவைத் தனிப் பத்தியாகக் கொடுத்தால் போதும். மின்சுமையுள்ள பொருள்களுக்கும் உலோகங்களுக்கும் இந்தத் திருத்தம் பொருந்தாது. அங்கே பிஹெச்சும் களியும்தான் தீர்மானிக்கும். லாக் மதிப்பு 5-க்கு மேல் போய், சோதனை இல்லாமல் பங்கீட்டுக் கணக்கில் மட்டும் நின்றால் கிடைக்கும் விகிதத்தைப் பத்தால் பெருக்குவது வழக்கம்.

அறிக்கையில் மண் எடுத்த இடம், தேதி, நிலத்தின் வரலாறு, சேமித்த நாள்கள், நுண்ணுயிர்த் திரள், செடித்தூளின் விகிதம், அளந்து கண்ட மருந்து அளவு, இன்குபேட்டரின் வெப்பப் பதிவு, ஜாடிவாரியான மூல எண்கள் எல்லாம் இருக்க வேண்டும். சராசரியை மட்டும் போட்டுத் தரும் அறிக்கையைத் திருப்பி அனுப்பி, ஜாடி எண்களைக் கேளுங்கள்.

சோதனை முடிந்த மண்ணைத் தொட்டியில் கொட்டுவதும் செடிக்குப் போடுவதும் வேண்டாம். மருந்திட்ட மண், காட்மியம் பத்தியின் கழுவுநீர், குளோரோஃபார்ம் மிச்சம் மூன்றையும் தனித்தனியாகக் கட்டி, பெயரும் தேதியும் ஒட்டி, 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி பதிவேட்டில் ஏற்றி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள அபாயக் கழிவு மையம் போன்ற அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்புங்கள். மருந்து போடாத ஒப்பீட்டு மண்ணில் இரண்டு கிலோவை மட்டும் 4 டிகிரியில் வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையைப் படிப்பவர் கேட்கும் முதல் கேள்வி மண்ணின் குணத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.